எட்டின நாலு போல்ட்

ஜூலை 2, செவ்வாய்

மேகாடு பாதிதான் உழுதேன். வண்டி வெள்ளைப் புகையாகக் கக்கி, இருமி, நின்றுவிட்டது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தால் உலைத் தண்ணீர் மாதிரி குமிழ் வருகிறது. எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் வைத்திருக்கும் கேஸ்கட் போய்விட்டது. இதைச் சொல்ல எனக்கு மெக்கானிக் வேண்டாம். இந்த ரெண்டு சிலிண்டர் பழைய வண்டியைப் பத்தொன்பது வருடமாக நான்தான் ஓட்டுகிறேன். கல்யாணமான வருடம் இவருக்குக் கால் முறிந்து கிடந்தபோது ஏறி உட்கார்ந்தவள், இன்னும் இறங்கவில்லை. முத்தூர்ச் சந்தையில் நின்று 'டிராக்டர் பாக்கியம்' என்று கேட்டால் எங்கள் தோட்டத்துக்கு வழி சொல்வார்கள்.

இந்த டைரி வண்டி ஓடின நேரத்தை எழுதுவதற்காக உரக்கடையில் கொடுத்தது. வண்டி நின்றுவிட்டது. அதனால் மற்றதை எழுதுகிறேன்.

டவுன் மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். இது பழைய மாடல், சாமான் கிடைக்காது, ஆடிப் பதினெட்டு கழித்து வந்து பார்க்கிறேன் என்கிறான். மத்தியானம் சாப்பிடும்போது மாமனார் தட்டைப் பார்த்தபடியே, "அப்ப கடலக்கா வெதைக்கறது எப்ப?" என்றார்.

"நான் பிரிச்சுப் பாக்கட்டுங்களா மாமா?" என்று ஒரு குரல். ஜீவிதா. என் கொழுந்தனார் தீபனுக்கு வைகாசியில்தான் கல்யாணம் ஆனது. எனக்கு ஓரகத்தி. அவளுடைய அப்பா திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டிகளுக்கு எஞ்சின் வேலை பார்க்கிற பட்டறை வைத்திருக்கிறார்.

"பிரிச்சுட்டா மாட்டத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியுமுங்க்கா" என்றாள். அவ்வளவுதான். புதுப்பெண்ணுக்கு ஒரு அடக்கம் கிடக்கம் வேண்டாமா?

ஜூலை 4, வியாழன்

பிரித்துவிட்டாள். தலையில் கிளிப்பு, கையில் மருதாணி கூட இன்னும் முழுசாக மங்கவில்லை, தீபனுடைய பழைய சட்டையை மேலே மாட்டிக்கொண்டு சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள். இவரும் தீபனும் சேர்ந்து ஹெட்டைத் தூக்கி மாடு கட்டும் கட்டுத்தரை ஓரத்தில் வைத்தார்கள். கேஸ்கட் இரண்டு சிலிண்டருக்கும் நடுவில் கருகி அறுந்து கிடந்தது. இரும்பு ஸ்கேலை ஹெட்டின் மேல் குறுக்கும் நெடுக்கும் வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். "ஹெட்டு வளையலைங்க மாமா, தப்பிச்சுது" என்றாள்.

மாமனார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள் போய் அவரே தூக்கிக்கொண்டு வந்தது. நான் இத்தனை வருடம் உழுகிறேன், வரப்பில் அவர் நின்று பார்த்ததுகூடக் கிடையாது. இன்று நாற்காலி.

எள் காயப்போட்டேன். ஆட்டுக்கு அகத்தி ஒடித்துப் போட்டேன். அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்.

ஜூலை 6, சனி

எருமைக்கு ஊசி போட ஆள் வந்தார். ஜீவிதா வைத்த ரசத்தை மாமனார் இரண்டு தடவை வாங்கிக்கொண்டார்.

ஜூலை 10, புதன்

அவள் அப்பாவிடம் சொல்லிவைத்த புதுக் கேஸ்கட் இன்னும் வரவில்லை. பிரித்த எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தவளிடம், "உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?" என்று சும்மா கேட்டேன்.

"தெரியாதுங்க்கா. எங்கப்பா எஞ்சினத் தொட வுடுவாரு, சீட்டுல உக்கார வுடமாட்டாரு."

இன்றைக்கு ராகிக் களி நன்றாகக் கிண்டினேன். எல்லாரும் சொன்னார்கள்.

ஜூலை 14, ஞாயிறு

கேஸ்கட் பஸ்ஸில் வந்தது. கூடவே ஒரு நீளப் பெட்டி, அவள் அப்பா கொடுத்துவிட்டது. உள்ளே பளபளவென்று ஒரு கம்பி. டார்க் ரெஞ்ச் என்று பெயராம். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அதில் திருகி வைத்துவிட்டால், அந்த அளவு வந்ததும் 'டக்' என்று சத்தம் கொடுக்கும், அதோடு நிறுத்திவிட வேண்டும். எங்கே நிறுத்துவது என்று ஒரு கம்பி வந்து சொல்லித் தர வேண்டுமாம். எனக்குக் கை சொல்லும்.

மாட்டுவதற்கே அரை நாள் ஆக்கினாள். போல்ட் இறங்குகிற ஓட்டை ஒவ்வொன்றிலும் குச்சியில் துணி சுற்றி விட்டு எண்ணெயை ஒற்றி எடுத்தாள். அடியில் எண்ணெய் தேங்கி நின்றால் போல்ட் உட்காராதாம். பத்து போல்ட். நாலு வெளியே தெரிகிறது, ஆறு மேல் மூடிக்குள் போய்விடும். சாக்பீஸில் ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டாள். ஒன்றும் இரண்டும் நட்ட நடுவில். அங்கிருந்து குறுக்கும் மறுக்குமாக வெளியே வருகிறாள். முதல் சுற்று லேசாக, இரண்டாவது கொஞ்சம் கூட, மூன்றாவதில்தான் முழு இறுக்கம்.

"எதுக்கு மூணு சுத்து? ஒரேடியா முறுக்கிப் போடறதுதானே" என்றேன்.

"ஓரத்த மொதல்ல இறுக்கிப் போட்டா நடுவுல தூக்கிக்குமுங்க்கா. கட்டில்ல துணி விரிச்சா நடுவுல இருந்துதானே நீவி வுடறோம்."

துணி விரிக்க எனக்குச் சொல்லித் தருகிறாள்.

டக். டக். டக். ஒவ்வொரு டக்குக்கும் மாமனார் தலையாட்டினார், கச்சேரி கேட்கிறவர் போல. எல்லாம் முடிந்ததும் கைப்பையிலிருந்து நகப்பூச்சுப் புட்டியை எடுத்து, ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்தும் பக்கத்து இரும்பு வரைக்கும் வாடாமல்லி நிறத்தில் ஒரு கோடு இழுத்தாள். வண்டிக்குப் பொட்டு வைக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. அதன் மேல் மூடியைப் போட்டாள்.

நான்தான் ஏறி ஸ்டார்ட் செய்தேன். ஒரே இழுப்பில் பிடித்தது. புகை இல்லை. மாமனார் நாற்காலியை விட்டு எழுந்து, "பரவால்லியே" என்றார். ஜீவிதாவைப் பார்த்துச் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காக நான் எத்தனை ஏக்கர் உழுதிருப்பேன் என்று யாராவது கணக்குப் போடட்டும்.

வயிறு எரிகிறது. எழுதினால் என்ன, எரியத்தான் எரிகிறது.

ஜூலை 15, திங்கள்

பால் சொசைட்டியில் சரோஜாக்கா, "உங்க ஊட்டுக்கு மெக்கானிக்கே மருமவளா வந்துட்டாளாமே பாக்கியம்" என்றாள். ஆமாம் என்றேன். வண்டியை ஓட்டுவது யார் என்று ஒருத்தருக்கும் ஞாபகமில்லை.

ஜூலை 16, செவ்வாய்

நாளைக்கு ஆடி பிறக்கிறது. புதுப்பெண்ணை அழைத்துப்போக அவள் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். ஆடி முழுக்க அம்மா வீட்டில் இருந்துவிட்டு ஆவணியில் வருவாள். நாளைக்கு ஆடி முதல் நாள் பண்டிகையான நோம்பிக்குத் தீபனும் போகிறார். வடை, பாயசம், எல்லாம் நான்தான்.

காரில் ஏறுகிற நேரத்தில் எல்லார் முன்னாலும் என்னிடம் வந்து நின்றாள். "அக்கா, ஒரு பத்து மணி நேரம் உழுத பொறவு, ராத்திரி முச்சூடும் ஆற வுட்டு, காலைல ஒருக்கா மறுபடி முறுக்கோணுமுங்க. சூடு பட்டுப் பட்டு கேஸ்கட் அமுங்கும், போல்ட்டு லூசாயிரும். மூடியக் கழட்டி, நடுவுல இருந்து, அதே வரிசைல. பத்தையுமுங்க. ரெஞ்ச வெச்சுட்டுப் போறேன்."

"செரி" என்றேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். மாமனார் சொன்னார், "பாக்கியம், அவ சொன்னபடி செஞ்சுரு."

அவ சொன்னபடி.

ஜூலை 17, புதன்

ஆடி நோம்பி. வாசலில் தேங்காய் சுட்டோம். உள்ளே வைத்த வெல்லமும் எள்ளும் நன்றாக வெந்திருந்தது. வீடு விசாலமாக இருக்கிறது.

ஜூலை 20, சனி

மூன்று நாளாக உழவு. மேகாடு முடிந்தது, கீழ்க்காடு தொடங்கியாயிற்று. வண்டி நன்றாக இழுக்கிறது. நான் ஓட்டுகிறேன், இழுக்கிறது.

ஜூலை 22, திங்கள்

காலையில் எஞ்சின் நன்றாக ஆறிக் கிடந்தது. நீளப் பெட்டியைத் திறக்கவில்லை. நம் ஸ்பானரிலேயே ஒரு பைப்பைச் சொருகி, வெளியே எட்டின நாலு போல்ட்டையும் நன்றாக இறுக்கினேன். நாலும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்தன, அப்புறம் நின்றன. இதற்கு மேல் யாராலும் இறுக்க முடியாது. மேல் மூடியைக் கழற்றினால் எண்ணெய் வழியும், அதன் பேக்கிங் கிழியும், மழை மேகம் வேறு. உள்ளே இருக்கிற ஆறும் எங்கே ஓடிவிடப் போகின்றன?

"ஆச்சா?" என்று மாமனார் கேட்டார். ஆச்சு என்றேன். பொய்யில்லை.

மழை வரவில்லை.

ஜூலை 29, திங்கள்

ஜீவிதா போன் செய்தாள். தீபனுக்கு இல்லை, எனக்கு.

"முறுக்கீட்டீங்களாக்கா?"

"ஆச்சு."

"உள்ள இருக்கறதும் சேத்துங்களா?"

"ஆச்சுங்கறேனில்ல. அங்க என்ன கொழம்பு?" என்று பேச்சை மாற்றினேன். முருங்கைக்காய்க் குழம்பாம்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. எல்லாரும் கொடுமுடி போய்க் காவேரியில் முழுகிவிட்டு வந்தோம். நல்ல தண்ணீர். சாமியிடம் விதைப்பு நல்லபடியாக முடிய வேண்டும் என்று கும்பிட்டேன். வேறு சிலதும் கும்பிட்டேன், எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

விதைக்கிற கலப்பையை மாட்டிக்கொண்டு மேகாட்டில் இறங்கினேன். ஐந்தாறு சால்தான் போயிருக்கும். வெள்ளைப் புகை. அதே இருமல். அதே காட்டில் நின்றுவிட்டது. ரேடியேட்டரில் அதே குமிழ்.

மாமனார் வரப்பில் நின்று பார்த்தார். "பொம்பளைக கைல எஞ்சினக் குடுத்தா இப்படித்தான்" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவராகச் சொன்னார். முறுக்கியது அவள்தானே. இவ்வளவு நாள் கழித்து நெஞ்சில் கொஞ்சம் குளிர்ச்சி. இதையும் எழுதிவிடுகிறேன், இங்கே எழுதாமல் வேறெங்கே எழுதுவது.

ஆகஸ்ட் 5, திங்கள்

பக்கத்துத் தோட்டத்து மாரப்பன் தன் சொந்த வண்டியைக் கொண்டுவந்து மேகாட்டு விதைப்பை முடித்துக் கொடுத்தான். அவன் கிளம்பும்போது மாமனார் அவனிடம், நம் வண்டி சரியானதும் இனிமேல் நீயே வந்து ஓட்டு என்றார். அப்புறம் என் பக்கம் கையை நீட்டினார்.

"சாவியக் குடு அம்மிணி."

"நான் ஓட்டுனதுல என்னங்க குத்தம் மாமா? எஞ்சின முறுக்குனது..." என்று ஆரம்பித்தேன்.

"யாரு முறுக்குனா என்ன. இந்த ஊட்டுப் பொம்பளைக இனி வண்டிப்பக்கம் போக வேண்டாம். ஆம்பள பாத்துக்கட்டும்."

இவரைப் பார்த்தேன். இவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

கொடுத்தேன். சாவிக்கொத்தில் நான் பழனியில் வாங்கிப் போட்ட பித்தளை வேல் இருந்தது. அதையும் சேர்த்துத்தான் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

சந்தைக்கு இவருடைய பைக்கின் பின்னால் உட்கார்ந்து போனேன். சந்தைக்குள் யாரோ, "டிராக்டரக்கா, வண்டி எங்க?" என்று கேட்டான். வெங்காயம் வாங்காமலே வந்துவிட்டேன்.

ஒருத்தியைப் பிடித்து இழுத்ததில் நானும் சேர்ந்து விழுந்திருக்கிறேன். அவள் அம்மா வீட்டில் முருங்கைக்காய் சாப்பிடுகிறாள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஜீவிதா வந்துவிட்டாள். பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை, நேராக வண்டிக்குப் போனாள். தீபன் போனில் சொல்லியிருப்பார். நானும் பின்னாலேயே போய் நின்றேன். நிற்காமலும் இருக்கலாம், இருக்க முடியவில்லை.

மேல் மூடியைக் கழற்றினாள். வெளியே உள்ள நாலு போல்ட்டைப் பார்த்தாள். வாடாமல்லிக் கோடு போல்ட்டின் தலையில் ஒரு பக்கமும், இரும்பில் இன்னொரு பக்கமுமாக எட்ட எட்ட விலகிக் கிடந்தது. உள்ளே குனிந்து பார்த்தாள். ஆறு கோடும் அன்றைக்குப் போட்டது போட்டபடி, ஒரு மயிரிழை விலகாமல் நேராக இருந்தன.

அது பொட்டு இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. போல்ட் திரும்பினால் கோடு உடைந்துவிடும். திரும்பாவிட்டால் உடையாது. படிக்கத் தெரியாதவளுக்கும் புரிகிற மாதிரி அங்கே எழுதியிருந்தது, நாலு மட்டும் என்று.

அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. வாசலில் மாமனாரின் செருப்புச் சத்தம் கேட்டது. கைப்பையிலிருந்து நகப்பூச்சு அழிக்கிற புட்டியை எடுத்தாள். பஞ்சில் நனைத்துப் பத்துக் கோட்டையும் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். அவர் உள்ளே வரும்போது வெறும் இரும்புதான் இருந்தது.

"தப்பு என்னுதுதானுங்க மாமா. நான் மொதல்லயே சரியா முறுக்கல. அக்கா நான் சொன்னபடிதான் செஞ்சிருக்காங்க. சாவிய அவங்ககிட்டயே குடுத்துருங்க. இந்த ஒருக்கா மாட்டிக் குடுத்துட்டு நான் எஞ்சின் பக்கமே வல்லீங்க."

மாமனார் மடியிலிருந்து சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார். "மாரப்பன வர வேண்டாம்னு சொல்லிடறேன்" என்று போய்விட்டார்.

சாவி கையில் இருக்கிறது. நான் சந்தோஷப்பட வேண்டும்.

"எதுக்கு அழிச்ச?" என்று கேட்டேன்.

"மூடியக் கழட்டற வெதத்த நான் காட்டிக் குடுத்துட்டுப் போயிருக்கோணுமுங்க்கா. எட்டுனதத்தானே நீங்க இறுக்க முடியும்."

எனக்கு அந்த மூடியை எப்படிக் கழற்றுவதென்று தெரியும். அவளுக்கும் அது தெரியும்.

அப்புறம், துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், "என்னயப் பொண்ணு பாக்க வந்ததுக்குப் பொறவு, ஊடு பாக்க நாங்க இங்க வந்தமில்லீங்களா. அன்னிக்கு நீங்க கலப்பையோட வண்டியக் கேட்டுக்குள்ள திருப்புனீங்க. அதப் பாத்துத்தானுங்க்கா எங்கப்பாகிட்டச் செரின்னு சொன்னேன். நீங்க கீழ எறங்கி நிக்கறத என்னால பாக்க முடியாதுங்க."

ஆகஸ்ட் 19, திங்கள்

பொழுது விடிந்ததிலிருந்து தாங்கவில்லை. இவள் யார் எனக்குச் சாவி வாங்கித் தர? ரசம் அவளுடையது, டக் அவளுடையது, பரவால்லியே அவளுடையது. இப்போது தியாகமும் அவளுடையதா? இனி ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் செய்யும்போதும் அவள் கொடுத்த சாவியைத் திருப்ப வேண்டும். வயசில் சின்னவள், என்னைவிடப் பெரியவளாகிவிட்டுப் போகப் பார்க்கிறாள். விட மாட்டேன்.

மத்தியானம் மாமனாருக்குச் சோறு போட்டுக்கொண்டே சொல்லிவிட்டேன். தீபன், இவர், அவள், எல்லாரும் இருந்தார்கள்.

"அவ மேல ஒரு தப்பும் இல்லீங்க மாமா. மறுக்கா முறுக்கச் சொன்னது பத்து போல்ட்டு. நான் வெளிய இருந்த நாலத்தான் முறுக்குனேன். மூடியத் தொறக்கவே இல்ல. ரெஞ்சயும் தொடல. ஓரத்த மட்டும் இறுக்குனதாலதான் நடுவுல போச்சு."

"அக்கா" என்றாள் ஜீவிதா.

"நீ சும்மா இரு" என்றேன். அவள் வாயடைத்து நின்றதைப் பார்க்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

"ஏன் அப்படிப் பண்ணுன?" என்று இவர் கேட்டார். பத்தொன்பது வருடத்தில் நல்ல கேள்வி ஒன்று கேட்டார்.

"பொறாமை" என்றேன். "வேறென்ன."

மாமனார் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்தார். கையை நீட்டினார். இரண்டாம் தடவையாகச் சாவியைக் கொடுத்தேன். "சொன்னத ஒழுங்காச் செய்யறவகிட்ட இருக்கட்டும்" என்று அதை ஜீவிதாவின் முன்னால் வைத்தார்.

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்களே மாமா" என்றாள்.

தீபனுக்குப் புரையேறிவிட்டது. மாமனார் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வெற்றிலைப் பெட்டியைத் தேடப் போனார்.

ஆகஸ்ட் 24, சனி

மறுபடி மாட்டியாயிற்று. சாவி அவளிடம், ஓட்டுவது நான். தினமும் காலையில் ஓரகத்தியிடம் போய், "சாவி" என்று கேட்க வேண்டும். பொழுது சாயத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வைத்துக்கொள்ளச் சொல்கிறாள். வேண்டாம் என்று கையில் திணித்துவிட்டு வருகிறேன். எனக்கும் ரோஷம் இருக்கிறது.

உழவு: கீழ்க்காடு, மூன்று மணி நேரம்.

ஆகஸ்ட் 29, வியாழன்

ஆறின எஞ்சின். மேல் மூடியை நான்தான் கழற்றினேன். பேக்கிங் கிழியவில்லை, எண்ணெயும் வழியவில்லை. அவள் நம்பரைச் சொல்லிக்கொண்டு வந்தாள், நான் ரெஞ்சைப் பிடித்தேன். நடுவில் ஒன்று, பக்கத்தில் இரண்டு. டக். என் கை இன்னும் கால் சுற்றுப் போயிருக்கும், அது நிறுத்திவிட்டது. உள்ளே ஆறும் உண்மையிலேயே கொஞ்சம் இளகித்தான் இருந்தன. அதை அவளிடம் சொல்லவில்லை, அவளுக்கே தெரிந்திருக்கும்.

நகப்பூச்சுப் புட்டியை என்னிடம் நீட்டினாள். பத்துக் கோடும் நானே போட்டேன். அவள் போட்டதைவிட நேராக இருந்தது.

செப்டம்பர் 1, ஞாயிறு

கட்டுத்தரைக்குப் பின்னால் காலி நிலத்தில் ஜீவிதாவைச் சீட்டில் உட்கார வைத்தேன். நான் மட்கார்டில் உட்கார்ந்தேன். எஞ்சினின் உள்ளும் புறமும் தெரிந்தவள், கிளட்ச்சை ஒரேயடியாக விட்டாள். வண்டி தவளை மாதிரி குதித்து நின்றுவிட்டது. மறுபடி ஸ்டார்ட், மறுபடி குதித்து நின்றது. மூன்றாவது தடவை நேராகப் போய் வைக்கோல் போரில் முட்டினாள். வியர்த்துக் கொட்டியது அவளுக்கு. எனக்குக் காவேரியில் முழுகினது மாதிரி இருந்தது.

மாமனார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "கிளச்ச எப்படி வுடறதுன்னு காட்டிக் குடு பாக்கியம்" என்றார். "அது உனக்குத்தான் தெரியும்."

காட்டிக் கொடுத்தேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டவில்லை.

வண்டி ஓடின நேரம்: முக்கால் மணி. உழவு: இல்லை. நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறேன். தீபாவளிக்குள் மட்டும் இவள் கற்றுக்கொண்டுவிடக் கூடாது, சாமி.